கரிசல் தடத்து ஜீப்பும் தார்ச்சாலைப் பிளசரும்

திருமங்கலத்திலிருந்து தே. கல்லுப்பட்டியை நோக்கிச் செல்லும் சாலையில் சில மைல்கள் சென்றதும், நெல்வயல்களின் பசுமை பின்தங்கிவிட, மண் தன் நிறத்தை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டு, முடிவில் பருத்தியும் சோளமும் விளையும் கரிசலாக விரிந்து கிடப்பதை அவ்வழியே பிரயாணம் செய்வோர் எவரும் காணலாம். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதும், ஐப்பசி மழை இரண்டு நாள் தொடர்ந்து பெய்துவிட்டால், காலையும் சக்கரத்தையும் பிடித்த பிடி விடாத களியாக மாறிவிடுவதும் இம்மண்ணின் சுபாவம். அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆதலால், முன்னாளைய ஜீப்பையும் பின்னாளில் வந்த குடும்பக் காரையும் ஒருங்கே வைத்துப் பேசப் புகும்போது, இயந்திரத்திலிருந்து தொடங்காமல் மண்ணிலிருந்து தொடங்குவதே முறை என்று கருதுகிறேன்.

சாலையின் தரத்தைச் சக்கரத்தின் உயரத்தைக் கொண்டே சொல்லிவிடலாம் என்பது என் நெடுநாளைய எண்ணம். எங்கள் பக்கத்துப் பழைய பாரவண்டியின் சக்கரம் வளர்ந்த ஆளுக்கு நெஞ்சளவு நின்றது. ஆரக்கால்களைக் கோத்து, வட்டைகளைச் சேர்த்து, உலையில் சிவக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டாவை மேலே பூட்டி, தண்ணீர் ஊற்றிச் சுருக்கி இறுக்கும் தச்சரும் கொல்லரும், அவ்வளவு பெரிய சக்கரத்தை அழகுக்காகச் செய்தார்கள் அல்லர். பள்ளத்தில் இறங்கினாலும் மூழ்காமல் மேலேறி வரவும், ஓடை மணலிலும் வயல் வரப்பிலும் அச்சு தரை தட்டாமல் நிற்கவும் அவ்வுயரம் வேண்டியிருந்தது. அந்த இரும்புப் பட்டா மெத்தென்ற மண்ணைக் கத்தி போல் அறுத்துக்கொண்டு சென்றமையால், ஆண்டுதோறும் தடம் ஆழ்ந்து ஆழ்ந்து, சில இடங்களில் வண்டிப்பாதை என்பது இரண்டு வாய்க்கால்களும் நடுவே ஒரு திட்டுமாக ஆகிவிட்டிருந்தது. பிற்காலத்தில் காற்றடைத்த சக்கரங்கள் பூட்டிய டயர் வண்டி வந்தபோது, மாடுகளுக்குச் சுமை குறைந்தது என்று மகிழ்ந்த குடியானவர்கள், மழைக்காலத்தில் மட்டும் பழைய வண்டியையே பூட்டினார்கள்.

எங்கள் பக்கத்துப் பெருநகரான மதுரைக்கு மோட்டார் வாகனம் புதிதன்று. தென்னாட்டில் மோட்டார்த் தொழிலுக்கு அஸ்திவாரமிட்ட டி. வி. சுந்தரம் ஐயங்கார் (1877–1955) இந்நகரையே தம் இருப்பிடமாகக் கொண்டவர். 1911ஆம் ஆண்டு தொடங்கிய அவருடைய நிறுவனம், பேருந்துப் போக்குவரத்தை இப்பகுதியில் ஒரு சாஸ்திரம் போலவே நடத்திக் காட்டியது. டி. வி. எஸ். பஸ் வரும் நேரத்தைக் கொண்டு ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்பதும், மாட்டு லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைக் கிழிக்காதிருக்கக் காந்தம் பூட்டிய வண்டி ஒன்று சாலையில் முன்னே ஓடி அவற்றைப் பொறுக்கிச் செல்லும் என்பதும் மதுரை முதியோர் இன்றும் சொல்லும் செய்திகள். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கி வண்டியை ஓட்டும் சாதனத்தையும் அந்நிறுவனமே செய்து அளித்தது. இவ்வளவு சிறப்பும் பெரிய சாலைகளுக்கே உரியதாயிருந்தது. திண்டுக்கல்லுக்கும் மேலூருக்கும் விருதுநகருக்கும் போகும் சாலைகளில் பஸ் ஓடியது உண்மை; அச்சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே கிடந்த கிராமத்திற்கோ, பஸ் என்பது தொலைவில் எழும் புழுதிப் படலமாகவும் காற்றில் மிதந்து வரும் குழல் ஓசையாகவும் மட்டுமே தெரிந்தது. அந்த இரண்டு மைலைக் கடந்து உள்ளே வந்த முதல் மோட்டார் வண்டி, எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஜீப்பாகவே இருந்தது.

ஜீப்பு பிறந்தது யுத்தத்திற்காக. 1940ஆம் ஆண்டு, ஐரோப்பாவில் ஜெர்மானியப் படைகள் பெரும் வேகத்துடன் முன்னேறியதைக் கண்ட அமெரிக்க ராணுவம், குதிரையும் மோட்டார் சைக்கிளும் செய்துவந்த வேலையைச் செய்யவல்லதாய், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஓர் இலகுவான வண்டி வேண்டுமென்று மோட்டார்க் கம்பெனிகளிடம் கேட்டது. அக்காலத்தில் நொடித்துப்போகும் நிலையில் இருந்த பாண்டம் என்னும் சிறு கம்பெனி, கார்ல் பிராப்ஸ்ட் என்னும் பொறியாளரைக் கொண்டு, கொடுக்கப்பட்ட 49 நாள் கெடுவுக்குள் முதல் மாதிரியைச் செய்து கொண்டுவந்து நிறுத்தியது. ஆயினும், உலகமெங்கும் சென்ற ஜீப்புகளைப் பெருவாரியாகச் செய்தவை வில்லிஸ், போர்டு என்னும் இரண்டு கம்பெனிகளே. யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. 2.2 லிட்டர் எஞ்சின், 60 குதிரைச் சக்தி, முன்னும் பின்னும் இரும்புப் பட்டை ஸ்பிரிங், கதவென்று ஒன்றும் இல்லை, கூரையென்பது மடக்கி வைக்கும் தார்ப்பாய், முகப்புக் கண்ணாடியும் மடங்கி எஞ்சின் மூடியின் மேல் படுத்துக்கொள்ளும். ஒரு பொருளிலிருந்து வேண்டாதவற்றையெல்லாம் நீக்கிக்கொண்டே வந்தால் எஞ்சி நிற்கும் ரூபம் எதுவோ, அதுவே ஜீப்பு. யுத்தம் ஓய்ந்ததும் வில்லிஸ் கம்பெனி அதையே குடிமக்களுக்குரிய வண்டியாக்கி, ஏர் பூட்டவும் பண்ணைச் சாமான் ஏற்றவும் உதவும் என்று அமெரிக்கக் குடியானவர்களுக்கு விற்றது.

நம் நாட்டில் இதன் வரலாறு ஒரு காந்தி ஜயந்தியன்று தொடங்குகிறது. 1945ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மதும் சேர்ந்து 'மஹிந்திரா அண்டு முகம்மது' என்ற பெயரில் இரும்பு வியாபாரம் தொடங்கினார்கள். தேசப் பிரிவினைக்குப் பின் முகம்மது பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதி மந்திரியாகவும் பின்னர்க் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார்; கம்பெனி 1948இல் 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' ஆயிற்று. அமெரிக்காவிலிருந்து பாகம் பாகமாக வந்த வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கிய அவர்கள், சில ஆண்டுகளில் பாகங்களையும் இங்கேயே செய்யலானார்கள். மற்றொரு காந்தி ஜயந்தியன்று, 1952 அக்டோபர் 2ஆம் நாள், சமுதாய அபிவிருத்தித் திட்டம் நாட்டில் 55 இடங்களில் ஆரம்பமாயிற்று. கிராமங்களைத் தொகுத்து வட்டாரங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரியை நியமித்து, அவருக்கு ஒரு ஜீப்பையும் கொடுத்தது அத்திட்டம். கதரும் கைராட்டையும் பேசியவர்களே நாட்டின் கிராமங்களுக்கு இந்த யுத்த வண்டியை அனுப்பி வைத்தார்கள் என்பதை எண்ணும்போது, சரித்திரம் தனக்கு வேண்டிய கருவியைக் குலம் கோத்திரம் பாராமல் எடுத்துக்கொள்ளும் என்பது தெளிவாகிறது.

சென்னை ராஜ்யத்தில் 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டம் வந்து, பஞ்சாயத்து யூனியன்கள் அமைந்தபின், மதுரைக்கு அப்பாலுள்ள அலங்காநல்லூர், வாடிப்பட்டி, செல்லம்பட்டி, சேடப்பட்டி, கள்ளிக்குடி, கொட்டாம்பட்டி முதலிய இடங்களிலெல்லாம் யூனியன் ஆபீஸும், அதன் வாசலில் ஒரு வேப்பமரமும், மரத்தடியில் ஒரு ஜீப்பும் நிலைபெற்றன. வட்டார அபிவிருத்தி அதிகாரியின் வண்டியைக் குறிக்கும் 'பி. டி. ஓ. ஜீப்பு' என்ற சொல் தமிழ்க் கிராமத்தின் பேச்சில் ஒரே சொல்லாகவே ஆகிவிட்டது. எங்கள் ஊர்ப் பாட்டிமார் அதைச் 'சீப்பு' என்றே சொன்னார்கள்; தலை வாரும் சீப்பையும், வாழைத்தாரில் அறுக்கும் சீப்பையும், அதிகாரி வரும் சீப்பையும் பேச்சின் போக்கிலேயே பிரித்தறிந்துகொள்வதில் அவர்களுக்கு யாதொரு தடுமாற்றமும் இருந்ததில்லை.

அது வரும் காட்சியைச் சற்றே விரித்துச் சொல்வது அவசியம். கண்மாய்க் கரையின் வளைவில் முதலில் புழுதி தோன்றும். பிறகு அந்த எஞ்சினுக்கே உரிய கரகரத்த ஓசை கேட்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துச் சன்னலை மொய்ப்பார்கள். தடத்தில் இரண்டு சக்கரங்களையும் திட்டில் இரண்டு சக்கரங்களையும் வைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே டிரைவர் அதை ஓட்டிக்கொண்டு வருவார். மழைக்காலமாயிருந்து ஓடை குறுக்கிட்டால், வண்டியை நிறுத்தி, கீழே இறங்கித் தண்ணீரின் ஆழத்தைக் கம்பால் அளந்து பார்த்து, திரும்ப ஏறி, பக்கத்திலுள்ள சிறு கம்பியை இழுத்து முன் சக்கரங்களுக்கும் விசையைச் செலுத்தி, மிகத் தாழ்ந்த கியரில், நடக்கிற மாட்டின் வேகத்தில் அதை இறக்குவார். சக்கரம் நான்கும் தனித்தனியே மண்ணைப் பற்றித் தேடித் தேடி ஏறும் அந்தக் காட்சி, யந்திரம் ஒன்றின் காரியம் என்பதைவிட, நல்ல உழவு மாடு சேற்றில் கால் ஊன்றி எழுவதையே எங்களுக்கு நினைவூட்டியது. எல்லா ஜீப்புகளிலும் இந்த வசதி இருந்தது என்று சொல்வதற்கில்லை. பின் சக்கரங்களால் மட்டுமே ஓடுபவையும் பல உண்டு. அவை கரிசலில் புதைந்தபோது ஊர் மாடுகளே அவற்றை இழுத்துக் கரை சேர்த்தன.

அந்த வண்டியில் வந்தவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால், சுதந்திர இந்தியாவின் முதல் 30 ஆண்டுச் சரித்திரமே அதன் பின்புற இருக்கையில் வந்து இறங்கியதென்று சொல்லலாம். கிணறு வெட்டக் கடன் கொடுப்பவர், புதுரக நெல்விதையையும் ரசாயன உரத்தையும் பற்றிச் சொல்பவர், பள்ளிக்கூடக் கட்டடத்தை அளப்பவர், அம்மை குத்துபவர் எல்லாரும் அதில்தான் வந்தார்கள். 1953இல் தொடங்கிய மலேரியாத் தடுப்புத் திட்டத்தின் ஊழியர்கள் டி. டி. டி. மருந்தையும் தெளிக்கும் குழாயையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வைகை அணையைக் கட்டி 1959ஆம் ஆண்டு ஜனவரியில் திறந்த பொறியாளர்களுக்கும், அதன் பின் வாய்க்கால்களைப் பார்வையிட்ட மராமத்து உத்தியோகஸ்தர்களுக்கும் கரைமேல் ஓட அதுவே வாகனம். தேர்தல் காலத்தில் அதே ரக வண்டி, கொடியும் ஒலிபெருக்கியும் கட்டிக்கொண்டு வேறு உருவில் வந்தது. இரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல யூனியன் ஆபீஸ் வாசலில் போய் நின்ற குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. சட்டப்படி அது கூடாது என்று அறிந்தும் வண்டியை எடுத்த டிரைவர்களும் உண்டு. அவ்வாறு பிறந்த ஒருவரை நான் அறிவேன். அவர் தாயார் இறுதிவரை அந்த டிரைவர் வீட்டுக்குத் தீபாவளிப் பலகாரம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஜீப்பினால் விளைந்தவை யாவும் நன்மையே என்று எழுதினால் அது சரித்திரமாகாது. வெள்ளைக்காரர் காலத்துக் கலெக்டரும் தாசில்தாரும் குதிரையேறி, கூடாரம் அடித்து, ஒரு கிராமத்தில் இரவு தங்கித்தான் ஜமாபந்தி நடத்த முடிந்தது. குதிரைக்கு ஓய்வு வேண்டும். ஆகவே அதிகாரியும் தங்கினார். தங்கியவர் இரவில் ஊர்ப் பேச்சைக் கேட்டார். காலையில் கண்மாயைச் சுற்றி நடந்தார். ஜீப்புக்கு ஓய்வு வேண்டியதில்லை. ஆதலால், ஆண்டுக்கு ஒருமுறை வந்து மூன்று நாள் இருந்தவருக்குப் பதிலாக, மாதம் இருமுறை வந்து ஒரு மணி நேரம் இருப்பவர் கிடைத்தார். அரசாங்கம் கிராமத்துக்கு அடிக்கடி வந்ததும், வந்த அளவுக்கு அங்கே தங்காமற் போனதும் ஒரே வண்டியின் இரு பலன்கள். பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் வாழ்வின் இறுதிக் காலத்தைத் தே. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார் என்பதை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 'நிலைபேறுடைய பொருளாதாரம்' என்ற கருத்தை 1945ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதிய அவர், கிராமம் தன் பலத்திலேயே நிற்க வேண்டுமென்று வாதாடி, 1960ஆம் ஆண்டு காந்தியடிகள் மறைந்த அதே ஜனவரி 30ஆம் நாளில் மறைந்தார். அதே கரிசலில், அதே ஆண்டுகளில், வெளியிலிருந்து வரும் எண்ணெயையும் உத்தரவையும் நம்பி ஓடிய ஜீப்பு, அவருடைய ஆசிரமத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டிலும் தேசத்தின் நன்மையையே நாடியவர்கள் இருந்தார்கள். இரண்டுக்கும் இடையே நடந்திருக்க வேண்டிய உரையாடல் நடக்காமற் போனதே எனக்கு வருத்தம்.

ஜீப்பு செய்த காரியங்களுள் மிகப் பெரியது, தன்னை அவசியமற்றதாக்கிக்கொண்டது. யுத்த காலத்திலேயே, 1943ஆம் ஆண்டு, நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் நாட்டுச் சாலைகளைத் தேசியம், மாகாணம், ஜில்லா, கிராமம் என்று வகுத்து, எந்தக் கிராமமும் நல்ல சாலைக்கு வெகுதொலைவில் இருத்தலாகாது என்று திட்டமிட்டார்கள். அந்தக் கிராமச் சாலைகளை அளக்க வந்தவர்கள் ஜீப்பில்தான் வந்தார்கள். முதலில் தடத்தை மேடாக்கிக் கிராவல் கொட்டினார்கள். பிறகு கல் பரப்பினார்கள். ஓடைக்குக் குழாய் வைத்துச் சிறு பாலம் கட்டினார்கள். பின்னர்த் தார் வந்தது. எங்கள் பக்கத்தில் தார் வந்த ஊருக்கு அடுத்த ஆண்டே டவுன் பஸ் வந்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பிரதம மந்திரியின் கிராமச் சாலைத் திட்டம் தொடங்குவதற்குள், தமிழ்நாட்டுக் கிராமங்களுள் மிகப் பலவற்றை ஏதேனும் ஒரு சாலை சென்று தொட்டிருந்தது. கரிசலில் சாலை போடுவது லேசான காரியமன்று. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் அம்மண் தன்மேல் இட்ட எதையும் வெடிக்கச் செய்துவிடும். அதனைத் தோண்டி எடுத்துவிட்டு வேறு மண் கொட்டி நிரப்பிய பின்னரே சாலை நிலைத்தது. அவ்வேலையில் கூடை சுமந்த பெண்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

தார் வந்த பிறகுதான் பிளசர் வந்தது. இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பஸ்ஸும் லாரியும் கூலிக்கு ஓடுபவை. அவற்றினின்று பிரித்து, சொந்தச் சுகத்துக்காக வைத்திருக்கும் வண்டி என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கிய பெயர், நம் கிராமங்களில் 'பிளசர்' என்று நிலைத்துவிட்டது. இன்பத்துக்குரிய வாகனம் என்ற அதன் பொருளைத் தெரிந்து சொன்னார்களோ இல்லையோ, மில் முதலாளியும் ஜமீன்தாரும் பெரிய டாக்டரும் மட்டுமே ஏறிச் சென்ற அவ்வண்டிக்கு அப்பெயர் பொருத்தமாகவே இருந்தது. அம்பாஸடரும் பியட்டும் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் தவிர வேறு கதியற்றிருந்த காலத்தில், பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தே ஒரு காரை வாங்க முடிந்தது.

1983 டிசம்பர் 14ஆம் நாள், தில்லிக்கருகே குர்காவுன் தொழிற்சாலையிலிருந்து முதல் மாருதி 800 வெளிவந்தது. பிரதமர் இந்திரா காந்தி தம் கையாலேயே சாவியைக் கொடுத்தார். ஜப்பானின் சுசூகி கம்பெனியோடு கூடி அரசாங்கம் செய்த அந்தச் சிறு வண்டியின் விலை அந்நாளில் ஏறக்குறைய 50,000 ரூபாய். மதுரையில் அதை முதலில் வாங்கியவர்கள் டாக்டர்களும் வக்கீல்களும் ஜவுளி வியாபாரிகளும். பின்னர்ப் பாங்கு உத்தியோகஸ்தர்கள், கல்லூரி ஆசிரியர்கள். 1990களில் கடன் வசதி பெருகியபின், எங்கள் ஊரில் பிறந்து வெளியூரில் வேலை பார்த்த பிள்ளைகள். 2014ஆம் ஆண்டு ஜனவரியில் அதன் உற்பத்தி நிற்கும்வரை, 30 ஆண்டுகள், பிளசர் என்ற சொல்லின் செருக்கை அது கொஞ்சம் கொஞ்சமாக உரித்தெடுத்து, கார் என்பதைக் குடும்பத்துச் சாமான்களுள் ஒன்றாக்கிவிட்டது.

இப்போது இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்க்கலாம். ஜீப்பின் டயர் 16 அங்குல வளையத்தில் ஏறுவது. மாருதியின் டயருக்கு 12 அங்குலமே போதும். நெஞ்சளவு நின்ற பாரவண்டிச் சக்கரத்திலிருந்து இந்த 12 அங்குலத்துக்கு இறங்கிய கணக்கில், எங்கள் பக்கத்துச் சாலை எவ்வளவு உயர்ந்தது என்பதை அளந்துவிடலாம். ஜீப்பில், ஏணியைப் படுக்க வைத்தாற்போன்ற இரும்புச் சட்டம் ஒன்று அடியில் கிடக்க, எஞ்சினும் இருக்கையும் தகடும் அதன்மேல் அமர்கின்றன. தகடு நசுங்கினாலும் சட்டம் நிற்கும். மாருதியில் தனியே சட்டமில்லை. தகட்டுக் கூடே சட்டமாகிச் சுமை தாங்குகிறது. அதனாலேயே அது இலேசாகி, 796 சி. சி. அளவுள்ள சிறு எஞ்சினைக் கொண்டு, ஜீப்பு குடிக்கும் எண்ணெயில் ஒரு சிறு பங்கைக் குடித்து, அதைவிட விரைவாக ஓடுகிறது. ஜீப்பு முன்னும் பின்னும் நான்கு சக்கரங்களால் மண்ணைத் தள்ளுகிறது. மாருதி முன் சக்கரங்களால் இழுத்துச் செல்கிறது. ஜீப்பின் பட்டை ஸ்பிரிங் பள்ளத்தைப் பிரயாணியின் முதுகெலும்பில் எழுதிவிடும்; மாருதியோ சிறு பள்ளங்களை மறைத்துவிடும், பெரிய பள்ளத்தில் அடிவயிறு தட்டி நிற்கும். பழுது பார்ப்பதிலும் இவ்வேறுபாடு உண்டு: ஜீப்பைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், மரத்தடியில் வைத்து, ஊர்க் கொல்லரிடம் ஒரு போல்ட்டைத் தட்டிக்கொண்டு ஓட்டிவிடலாம். மாருதியின் பாகங்களை வாங்கித்தான் மாட்ட வேண்டும். ஆனால் அடிக்கடி மாட்ட வேண்டியதில்லை.

எது உயர்ந்தது என்று கேட்பவர்களுக்கு என் பதில், எந்தத் தரையில் என்ற கேள்வியே. மழை பெய்த கரிசலில் மாருதி ஒரு தகரப் பெட்டி; மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் போகும் நால்வழிச் சாலையில் பழைய ஜீப்பு ஒரு தண்டனை. ஆயினும், தரையை மட்டும் வைத்துத் தீர்த்துவிட முடியாத வேற்றுமை ஒன்று உண்டு. அது உட்காரும் முறை. ஜீப்பின் பின்புறத்தில் பலகைகள் பக்கவாட்டில் எதிரெதிராக இருந்தமையால், ஏறியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே போனார்கள். அதிகாரியும் கிராம சேவக்கும் வழியில் கை காட்டி ஏறிய விவசாயியும் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு பேசினார்கள். திறந்த வண்டியாதலால், வழியில் நிற்பவர் உள்ளே இருப்பவரைக் கூப்பிட்டு மனு கொடுக்க முடிந்தது. காரில் எல்லாரும் முன்னோக்கியே உட்காருகிறோம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வழியில் நிற்பவரின் குரல் கேட்பதில்லை. இதைக் குறையாக மட்டும் நான் சொல்லவில்லை. ஜீப்பில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஏறியது ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டுமே. சொந்தக் காரிலோ, கைக்குழந்தையும் பாட்டியும் பெண்களும் வெயிலும் புழுதியும் படாமல், பிறர் தயவை எதிர்பாராமல், நினைத்த நேரத்தில் மீனாட்சி கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போய் வந்தார்கள். இன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் தாமே காரை ஓட்டிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் நிறுத்துகிறார். ஜீப்பு அரசாங்கத்துக்கு உரியது, நாம் கேட்டுப் பெற்ற உதவி. கார் நமக்கு உரியது, கேட்க வேண்டாத உரிமை. அந்த உரிமையின் அருமை, ஆபீஸ் வாசலில் இரவில் காத்து நின்ற குடும்பங்களுக்குத்தான் நன்கு தெரியும்.

ஜீப்பு சமவெளியை விட்டு அகன்றதேயன்றி மறைந்துவிடவில்லை. முன்பு மதுரை ஜில்லாவில் அடங்கியிருந்து 1996இல் தனியே பிரிந்த தேனிப் பகுதிக்குச் சென்றால், இன்றும் விடியற்காலத்தில் போடி, கம்பம் ஊர்களின் முனைகளில் ஜீப்புகள் வரிசையாக நிற்பதையும், தூக்குச் சட்டியில் கஞ்சியும் சோறும் எடுத்துக்கொண்டு பெண்கள் நெருக்கியடித்து ஏறுவதையும் காணலாம். போடிமெட்டும் கம்பமெட்டும் ஏறி, கேரளத்து ஏலத் தோட்டங்களில் நாள் முழுதும் வேலை செய்து, பொழுது சாய இறங்கி வரும் அவர்களுக்கு, தோட்டத்துக்குள் கொண்டுபோய் விடுவதற்கு அந்த வண்டியை விட்டால் வேறு வழியில்லை. அளவுக்கு மீறி ஏற்றிய வண்டிகள் மலை வளைவில் கவிழ்ந்து உயிர் குடித்த செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், ஜீப்பின் புகழைப் பேசும் நாவு கூசுகிறது. அதே மலைத்தொடரில், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் கற்பாதையிலோ, உதயம் காண வரும் நகரவாசிகள் தங்கள் புதிய கார்களைக் கீழே நிறுத்திவிட்டு, காசு கொடுத்து ஜீப்பில் ஏறிக் குலுங்கிச் செல்வதை ஒரு வேடிக்கையாகக் கொள்கிறார்கள். எங்கள் பாட்டனாருக்கு விதியாயிருந்த பாதை அவர்களுக்கு விநோதமாயிருக்கிறது.

சென்ற மாசிச் சிவராத்திரியன்று குலதெய்வத்தைக் கும்பிட ஊருக்குப் போயிருந்தேன். மதுரையைச் சுற்றிய கிராமங்களில் அன்று நடப்பதை அறிந்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் சிதறிக்கிடக்கும் பங்காளிகளெல்லாம், யாரும் அழைக்காமலே அந்த ஓர் இரவுக்கு வந்து சேர்வார்கள். எங்கள் தெய்வம் இருப்பது தார்ச்சாலை முடிந்து அரை மைலுக்கு அப்பால், காட்டுக்கு நடுவே, ஒற்றை மரத்தடியில். மாசியில் கரிசல் காய்ந்து கெட்டித்துக் கிடக்குமாதலால், ஆண்டுதோறும் கார்கள் வயலின் மேலேயே ஓடி மரத்தடி வரை வந்துவிடும். இவ்வாண்டு, முந்தின நாள் பருவம் தவறிப் பெய்த மழை மண்ணை இளக்கியிருந்தது. ஆத்திரப்பட்டு முன்னே சென்ற கார் ஒன்று பத்து கஜம் போய்ப் புதைந்து நிற்க, மற்றவையெல்லாம் தாரின் ஓரத்தில் நீண்ட வரிசையாக நின்றுவிட்டன. இளைஞர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். பொங்கல் பானையும் விறகும் அரிசியும் நடக்கமாட்டாத முதியவர்களும் எஞ்சி நின்றபோது, பக்கத்து ஊர்ப் பங்காளி ஒருவர், தோட்டத்துக்கு உரம் ஏற்றுவதற்கென்று வைத்திருந்த பழைய ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். வர்ணம் உரிந்து அடியில் பழைய அரசாங்கப் பச்சை தெரிந்தது. எந்த யூனியனில் ஏலம் எடுத்ததென்று அவருக்கே நினைவில்லை.

என் பெரியம்மாவுக்கு 84 வயது. மகனுடைய புதிய காரின் குளிர்ந்த இருக்கையிலிருந்து அவளை இறக்கி, இருவராகத் தூக்கி, ஜீப்பின் பின்பலகையில் உட்கார வைத்தோம். எதிர்ப்பலகையில் அவள் வயதொத்த இன்னும் மூன்று கிழவிகள். நடுவே பொங்கல் பானை. வண்டி களியில் இறங்கி ஒரு பக்கம் சாய்ந்தபோது, ஒரு கையால் பானையையும் மறு கையால் மேல்கம்பியையும் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்தவள் முகத்தைப் பார்த்து, "நம்ம சின்னவன் பொறந்த ராத்திரி இதே சீப்புலதான்டி போனோம், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். டிரைவர் பக்கத்துக் கம்பியை இழுத்தார். முன் சக்கரங்களும் மண்ணைப் பற்றின.